வாழைத்தண்டில் வந்த காவல்படை

மே 9
மறுபடியும் அதே துளை. தோண்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒவ்வொன்றிலும் வண்டு குடும்பத்தோடு குடியிருக்கிறது. என் மனைவி எனெய்தா ஒன்றை முகர்ந்துவிட்டுக் கீழே போட்டாள். "நீ அடிச்ச பூண்டுத் தண்ணி இருக்கே கிழவா, அது வண்டுக்குத் தாளிச்சுக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு."

அடுத்த போகமும் இப்படிப் போனால் கொல்லைக்குச் சிமெண்டு பூசி, மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கத் தன் தம்பி ஃபெர்மினுக்குக் கொடுத்துவிடுவாளாம். இந்த ஹவானாவில் எனக்கென்று இருக்கும் மண் அது ஒன்றுதான்.

மே 21
புதுக்கொடி நட்டாயிற்று. இந்த முறை வண்டுக்குக் காவல் எறும்பு.

ஜூன் 20
நாட்டுப்புறத்தில் இருக்கும் நண்பன் ஒவிதியோவின் வழி இது. தேன் தடவிய வாழைத்தண்டைப் புற்றருகே போட்டால் சிங்க எறும்பு அதில் குடியேறும். அந்தத் தண்டைக் கொடிகளுக்கு நடுவே வைத்தால், எறும்பு மண்ணுக்குள் இறங்கி வண்டுப் புழுவைத் தின்னும்.

அவன் ஊருக்கே போய், எறும்பு குடியேறிய இரண்டு தண்டுகளைக் கோணியில் கட்டி, வீடு திரும்பப் பேருந்தில் ஏறினேன். பாதி வழியில் ஒரு அம்மாள் சொறிய ஆரம்பித்தாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்தவர். பிறகு நடத்துநர். சந்தேகம் வராமலிருக்க நானும் சொறிந்தேன். கொஞ்ச நேரத்தில் நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ஜூன் 24
எறும்பு மண்ணுக்குள் இறங்கவில்லை. ஏன்?

ஜூன் 26
புரிந்துவிட்டது. வயலில் வெயில் பட்டுத் தண்டு காயும். எறும்பு ஈரம் தேடி மண்ணுக்குப் போகும். நானோ, பாவம் வெயில் தாங்காதே என்று மாமர நிழலில் வைத்திருக்கிறேன்! தண்டில் படுக்கை, எங்கள் சமையலறையில் சாப்பாடு. எனெய்தா கிண்டி வைத்த கொய்யா அல்வா கறுப்பாக நகர்கிறது. இப்போது தண்டை வெயிலுக்கு நகர்த்தலாமென்றால், கை வைக்கவே விடாமல் கடிக்கின்றன. எனக்கு அறிவு இருக்கா? இல்ல. சத்தியமா இல்ல. அவள் என்னோடு பேசுவதில்லை.

ஜூலை 3
அறுவடை வரை பொறுக்காமல் ஃபெர்மின் கொல்லையை அளக்க வந்தான். களைத்துப்போய், நிழலில் கிடந்த தண்டின் மேலேயே உட்கார்ந்தான். எழுந்த வேகத்தில் தெருவுக்கு ஓடி, அங்கேதான் கால்சட்டையைக் கழற்றினான். "இந்த எறும்பு இருக்குற வரைக்கும் எனக்கு உன் கொல்லையே வேணாம்க்கா" என்று அங்கிருந்தே சொன்னான். நான் சிரிக்கவில்லை. அதாவது, சத்தமாக.

செப்டம்பர் 28
அறுவடை. எல்லாம் துளை. எறும்புகள் எப்போதோ இடம் மாறிவிட்டன, மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. நன்றி கெட்டதுகள். சிமெண்டுக்காரனைக் கூப்பிடு என்று எனெய்தாவிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இந்த வயசில், ஒரு கிழங்குக்காக.

செப்டம்பர் 30
ஃபெர்மின் போன் செய்தான். எறும்பு போய்விட்டதா என்று கேட்டிருக்கிறான். எனெய்தா சன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தாள். வெறும் மண்.

"போறதாவது! நேத்து பூனையே தாண்டப் பயந்து நின்னுச்சு. நீ இந்தப் பக்கம் வந்துறாத தம்பி."

போனை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் உரிக்கப் போனாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கினேன்.