மெஹராஜ் எழுதிய மின்னஞ்சல்கள்

திருத்துறைப்பூண்டி
9.2.2025, ஞாயிறு

அன்புள்ள மெஹராஜுக்கு,

செம்மொழி எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போகிறது, கேட்க வாய் வரவில்லை. உன்னைத் தனியாக விட்டுவிட்டு யூனுஸ் அண்ணன் கண்மூடி இருபத்து மூன்று நாள் ஆகிறது. எனக்கு அது தெரிந்து ஐந்து நாள்தான் ஆகிறது. இதை எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை உனக்குப் போன் செய்தது நான்தான். பெயரைச் சொன்னேன். நீ "சொல்லுங்க" என்றாய். ஹாஸ்டலில் ஒரே அறையில் இரண்டு வருஷம் படுத்து எழுந்தோம், நீ என்னை 'ங்க' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. "அசதியா இருக்குங்க, பொறவு பேசுறேன்" என்று வைத்துவிட்டாய். அதன்பிறகு இரண்டு தடவை அடித்தேன், நீ எடுக்கவில்லை. தப்பே இல்லை. நானாக இருந்தால் அந்த முதல் போனையே எடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் கடிதம். உன் மகள் ஷாஹிதா ஹைதராபாத்தில் புது வீட்டுக்குப் போனபோது நீ அனுப்பிய முகவரி டைரியில் இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். சமாதானம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

என் மெயில் பெட்டி உனக்குத் தெரியும். தஞ்சாவூரில் பி.எட். படித்தபோது பிரவுசிங் சென்டரில் நீயும் நானும் உட்கார்ந்து ஆரம்பித்த அதே முகவரிதான் இன்றைக்கும். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடும்போது மெயில் முகவரி கேட்பார்கள். பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு ஏது மெயில்? எல்லாருக்கும் என்னுடையதையே போட்டுவிடுவேன். துணிக்கடையில் கேட்டால் அங்கேயும் கொடுத்தேன். இப்படியே கொடுத்துக் கொடுத்து, ஒரு நாளைக்கு இருநூறு மெயில் வர ஆரம்பித்தது. லோன் தருகிறேன், லாட்டரி விழுந்திருக்கிறது, பார்சல் நிற்கிறது, வீட்டிலிருந்தே வேலை. பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும். எது நிஜம் எது பொய் என்று பிரிக்கவே சலிப்பாக இருக்கும்.

போன வருஷம் ஆனி மாதத்தில் அகிலாண்டம் டீச்சர் பெயரில் ஒரு மெயில் வந்தது. எங்கள் பள்ளியில் அறிவியல் எடுப்பவர். அந்தச் சமயம் உண்மையிலேயே காசிக்குப் போயிருந்தார். போன் தொலைந்துவிட்டது, கூட வந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன், இந்தக் கணக்கில் பணம் போடு, வந்ததும் தருகிறேன் என்று எழுதியிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. நடவுக்கென்று எங்கள் வீட்டில் இவர், உன் பரிதி அண்ணன், ஒதுக்கி வைத்திருந்த பணத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். டீச்சர் ஊர் திரும்பி, "நான் எப்ப எழுதினேன்?" என்று கேட்டபோதுதான் ஏமாந்தது தெரிந்தது. அவருடைய மெயிலை யாரோ திறந்து, உள்ளே இருந்த பெயர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். விழுந்தது நான் ஒருத்திதான்.

சைபர் கிரைமில் போய் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் காவலர் நல்ல மாதிரி. "அக்கா, பணம் போன அன்னைக்கே 1930-க்கு அடிச்சிருந்தா தடுக்கப் பாத்திருக்கலாம். ஒரு வாரம் ஆயிடுச்சே" என்றார். பிறகு பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார். நமக்குத் தெரிந்த கடை, கம்பெனி என்றால் 'இனி அனுப்பாதே' என்று நிறுத்திவிடலாம். தெரியாத இடத்திலிருந்து வந்ததில் எந்தச் சுட்டியையும் தொடக்கூடாது, நிறுத்தச் சொல்லும் சுட்டியைக்கூட. ஸ்பேம் என்று குறித்துத் தள்ளிவிட வேண்டும். பள்ளி விண்ணப்பங்களுக்குத் தனியாக ஒரு முகவரி வைத்துக்கொள்ளலாம். கடைசியாக இன்னொன்றும் சொன்னார்: "தெரிஞ்சவங்க பேர்ல உதவின்னு வந்துச்சுன்னா, வேற வழியில விசாரிச்சிடுங்கக்கா. பழைய நம்பருக்கு அடிங்க, வீட்டு ஆளுங்களைக் கேளுங்க."

மற்றதையெல்லாம் பிடித்துக்கொண்டேன் மெஹராஜ். அந்தக் கடைசி ஒன்றைத்தான் விட்டுவிட்டேன்.

இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நடவு பத்து நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான் என்றார். திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். தினம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மெயில் பெட்டியைச் சுத்தம் செய்வதை ஒரு விரதம் மாதிரி வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் இருநூறு இருபதாகக் குறைந்தது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, "தெரிஞ்சவங்க பேர்ல வந்தாலும் நம்பாதீங்க" என்று பேசினேன். கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மார்கழி பிறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் உன் முதல் மெயில் வந்தது. பார்த்திராத முகவரி. உன் பெயருக்குப் பின்னால் ஏதோ எண்கள். மேலே 'அர்ஜென்ட்'. 'செம்மொழி, ரயிலில் போன் தொலைந்துவிட்டது. பழைய மெயிலும் திறக்கவில்லை. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இந்த நம்பருக்கு உடனே கூப்பிடு.' அதே போன், அதே ஆஸ்பத்திரி, அதே அவசரம். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஏமாற மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஸ்பேம் என்று குறித்தேன். பக்கத்திலிருந்த அகிலாண்டம் டீச்சரிடம், "பாத்தீங்களா, இப்ப மெஹராஜ் பேர்ல வந்துட்டான்" என்று சிரித்தேன்கூட. இதை உனக்கு எழுத வேண்டியதில்லை. ஆனால் மறைத்துவிட்டு உன் எதிரில் உட்கார என்னால் முடியாது.

உன் பழைய எண்ணுக்கு ஒரு தடவை அடித்திருந்தால் போதும். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்திருக்கும். ஏதோ சரியில்லை என்று ஷாஹிதாவையாவது தேடியிருப்பேன். பொங்கலுக்கு உனக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றிருக்கிறது. அதையும் கவனிக்கவில்லை.

ஒரு தடவை அப்படிக் குறித்துவிட்டால், அந்த முகவரியிலிருந்து அடுத்து வருவதெல்லாம் தானாகவே அங்கே போய்விடுமாம். முப்பது நாளில் தானாகவே அழிந்தும் விடுமாம். செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளையின் உதவித்தொகை மெயில் வரவில்லையே என்று தேடப்போய்த்தான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். உன்னுடையது இரண்டு கிடந்தன, அடியில் உன் புது நம்பரோடு. அதற்கு முன்னால் எத்தனை எழுதினாய், என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

ஜனவரி ஏழாம் தேதி எழுதியது: 'இன்னைக்கு அவருக்கு நினைவு நல்லா இருக்கு. பரிதி அண்ணன்கிட்ட ஒரு தடவை பேசணும்னு கேட்டுக்கிட்டே இருக்கார். பணம் காசு எதுவும் வேண்டாம் செம்மொழி. அப்படி நினைச்சுட்டியோன்னுதான் எழுதுறேன்.'

பத்தொன்பதாம் தேதி எழுதியது: 'வெள்ளிக்கிழமை அவர் போயிட்டார். இங்கேயே அடக்கம் பண்ணிட்டோம். அண்ணன்கிட்ட சொல்லிடு. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.'

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் பாதிக் கணக்கு நின்றது. அனுமதி கேட்டுவிட்டு நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். சம்பா அறுத்து, நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு இவர் நாலு நாளாக அங்கேதான் கிடந்தார். தை மழையில் நனைந்த நெல், ஈரம் காயவில்லை. காலால் கிளறிக் காய வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். கிளறுவதை நிறுத்தவில்லை. குவியலின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்துதான், "எத்தனாம் தேதி?" என்று கேட்டார். சொன்னேன். நெல்லின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் இருவருக்கும் இடையில் நடந்தது உனக்குத் தெரியாததா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குறுவையில் விதை முளைக்கவில்லை என்று இவர் யூனுஸ் அண்ணனின் விதைக் கடையில் நின்று, கடைத்தெருவே கேட்கும்படி கத்திவிட்டு வந்தார். விதை எங்கிருந்தோ மூட்டையாக வருவது, அண்ணன் என்ன செய்வார்? பிறகு நீங்கள் கடையை மூடிக்கொண்டு மகள் வீட்டுக்கே போய்விட்டீர்கள். புயல் அடித்த வருஷம் கையில் ஒன்றுமில்லாமல் நின்றபோது வீட்டுக்கே விதை கொண்டுவந்து இறக்கிய மனிதர் அவர். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இவரும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். அறுப்பு முடியட்டும் என்பார், நடவு முடியட்டும் என்பார். அவர்கள் பேசாததால் நாமும் பண்டிகைக்கு மட்டும் பேசுகிறவர்களாக ஆகிப்போனோம்.

உட்கார்ந்த இடத்திலிருந்து இவர் சொன்னது இதுதான்: "என்னைத் திட்டணும்னு கூப்பிட்டிருந்தாக்கூட போயிருப்பேனே செம்மொழி." அப்போதும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், என் முகத்தைப் பார்த்து நன்றாகவே பேசுகிறார். எனக்குத்தான் அந்த வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

இனி நான் என்ன செய்து என்ன? அந்தப் பெண் காவலர் சொன்ன கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். வியாழக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருவர் படித்துவிட்டு, "நம்பக்கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, இப்ப விசாரிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார். அன்றைக்குப் பாதிதான் சொன்னேன் என்றேன்.

மெஹராஜ், இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை ஹைதராபாத் வந்து சேர்கிற மாதிரி இருவருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறோம். உன்னைக் கேட்காமல் எடுத்தது தப்புத்தான். நீ இத்தாவில் இருக்கிறாய், அந்த நாலு மாதத் துக்கம் முடியும்வரை வெளி ஆண்களைப் பார்க்க மாட்டாய் என்று தெரியும். இவர் வீட்டுக்குள் வரமாட்டார். நான் மட்டும் வந்து உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். நீ பேச வேண்டாம். திட்டத் தோன்றினால் திட்டு, 'ங்க' மட்டும் போடாதே.

அதுவும் வேண்டாம் என்று உனக்குப் பட்டால் கதவைத் திறக்காதே, மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன். ஷாஹிதாவின் வீட்டுக்காரரிடம் சொல்லி, அண்ணனை அடக்கம் செய்த இடத்துக்கு மட்டும் வழி காட்டச் சொல். இவர் அங்கே ஒரு தடவை போய் நிற்க வேண்டும். என்ன பேசுவாரோ, அது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு உன் இறைவன் தூக்கத்தைத் தரட்டும், அண்ணனுக்கு நல்ல இடத்தைத் தரட்டும்.

உன்னுடையவள் என்று இன்னும் எழுதலாமா என்று தெரியாத,
செம்மொழி