அப்பாவின் இடக்கை மீன்

அன்பு மகன் ஜெனிஸ்டனுக்கு, ஜெர்மனி ஹம் நகரிலிருந்து அப்பா சொல்லச் சொல்லத் தங்கச்சி லவினியா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே அம்மா நலம், நான் அளவுக்கு மிஞ்சிய நலம், அப்பாவில் வலக்கைப் பெருவிரலைத் தவிர மிச்சமெல்லாம் நலம். கனடாவில் நீயும் அண்ணியும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். இவ்வளவும் அப்பா சொன்னது, இனி அவர் சொன்னதோடு நான் பார்த்ததும் சேர்ந்து வரும், கண்டுகொள்ளாதே. போனில் சொன்னால் நீ சிரிப்பாய் என்று அவருக்குப் பயம், கடிதத்தைப் படித்துச் சிரித்தால் இங்கே கேட்காதாம், அதனால்தான் இந்தக் கடிதம்.

அண்ணா, எல்லாம் உன் படத்தால் வந்த வினை. உன் மாமனார் டக்ளஸோடு படகில் நின்று உன் முதல் மீனை, அந்த ஏரிக் கிராப்பியைத் தூக்கிப் பிடித்தாயே, அம்மா அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து அப்பா பால் எடுக்கப் போனால் படத்தைப் பார்த்துவிட்டுப் பாலில்லாமல் திரும்பி வருகிறார். போதாக்குறைக்கு டக்ளஸ் மாமா வீடியோவில் வந்து, அண்ணை மே மாதம் வாங்கோ, ஏரியில மன்னார்க் கையின்ர வேலையையும் ஒருக்காப் பாப்பம் என்று சீண்ட, முதல் மீன் என்ரதுதான் எண்டு எழுதி வையுங்கோ என்று அப்பா சொந்தக்காரர் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நினைத்திருக்கிறார், மன்னாரில் அவர் பிடித்தது கடல்மீன், கிராப்பியைக் கண்ணாலும் கண்டதில்லை. ஏரியில் வெறுங்கையோடு இருந்தால் சம்பந்தி முகத்தில் எப்படி முழிப்பது என்பதே இந்த வீட்டின் ஒரே கவலை.

இங்கே கால்வாயில் கிராப்பி இல்லை, ஆனால் வரி வரியாகப் பார்ஷ் மீன் இருக்கிறது, அதற்கும் அதே மாதிரி மெல்லிய வாய். மீன் பிடிக்கவும் சோதினை வைக்கிற நாட்டில் அப்பா குளிர்காலத்திலேயே பாஸ் பண்ணிவிட்டார். நீ அனுப்பிய பயறளவு ஈயத்தலையும் றப்பர் வாலும் உள்ள ஜிக் தூண்டிலைக் கட்டிக்கொண்டு, உன் குரல்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். மீன் மேலே பார்த்துத்தான் இரை தேடும், அதன் தலைக்குக் கொஞ்சம் மேலே ஜிக்கை நிறுத்தவேண்டும், ஆட்டக்கூடாது, மெல்ல இறக்கவேண்டும், நூல் அசைந்தால் சும்மா உயர்த்தினால் போதும் என்று நீ சொன்னாய். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, மன்னார்க் கடலில் பாரை மீனுக்கு இழுப்பதுபோல் தோள்மூட்டு கழர ஒரே இழுவை. கடித்த மீனெல்லாம் வாய் கிழிந்து தப்பிவிட்டது. அப்பா, இது பாரை இல்ல, பாவம் என்றேன். கடலில பிறந்தவனுக்கு நீ வாய்க்கால் காட்டுறியோ என்றார்.

ஒரு சனிக்கிழமை மீனே வரவில்லை, எனக்கு அலுத்துப்போய்விட்டது. பின்னால் நின்று நூலை ஒரு விரலால் மெல்லச் சுண்டினேன், அவ்வளவுதான். அப்பா இழுத்த இழுவையில் ஜிக் விசிலடித்துக்கொண்டு தண்ணீரை விட்டுப் பறந்து வந்து அவர் பெருவிரலிலேயே ஏறிவிட்டது. தூண்டியது நான், தூண்டில் அவருக்கு. ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்த டொக்டர் எந்த மீனுக்குப் போட்டீர்கள் என்று கேட்க, அப்பா என்னைக் காட்டினார். இனி அந்தாளுக்கு நீதான் விரல் என்று அம்மா தீர்ப்புச் சொன்னார், இந்தக் கடிதமும் அந்தத் தீர்ப்பில் அடக்கம்.

தொழிற்சாலைக்கு லீவு எடுத்தவர் வீட்டில் கிடக்கவேண்டுமா இல்லையா? டொக்டர் கையை ஆட்டாதேங்கோ எண்டுதானே சொன்னவர், நான் ஆட்டாமத்தான் நிக்கப்போறன் என்று அப்பா சட்டம் பேசினார். லீவில நிண்டுகொண்டு மீன் பிடிக்கிறதை ஆரும் கண்டால் மானம் போகும் என்று அம்மா தன் கம்பளித் தொப்பியை அவர் கண்வரை இழுத்துவிட்டார், ரோசாப்பூ நிறத் தொப்பி, யாருக்கும் தெரியாதாம்! கால்வாயின் இரும்புச் சுவரோரம் தடியைக் கக்கத்தில் இடுக்கி இடக்கையால் ஜிக்கை இறக்கினார். என் கை இரண்டும் சட்டைப் பைக்குள் இருக்கவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு நூல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் இடக்கைக்கு வெட்டி இழுக்கத் தெரியாதே, பாவம், அது மெல்ல உயர்த்த மட்டும் செய்தது. சிவப்புச் செட்டையோடு ஒரு பார்ஷ் மேலே வந்தது. அப்பா மீனைப் பார்க்கவில்லை, முதலில் திரும்பி என்னைத்தான் பார்த்தார். நான் இரண்டு கையையும் எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான், வந்திட்டுதடி பிள்ளை என்று ஒரு கத்தல், சைக்கிளில் போன ஜெர்மன்காரர் இறங்கி நின்று பெட்ரி ஹைல் என்று வாழ்த்தினார். வலை வீசிய பேதுரு, எங்கள் இராயப்பர் பெயரைச் சொல்லி மீன்காரர் சொல்லும் வாழ்த்து அது. அப்பா ஆமென் என்றார்.

ஒரு மீனை மூன்று பேரும் பொரித்துச் சாப்பிட்டோம். மே மாதத்துக்குள் பெருவிரல் ஆறிவிடும், அதுதான் இப்போது எங்கள் பயம், ஆறினாலும் விரலில் போட்ட கட்டை அவிழ்க்காமல் விமானம் ஏற்றிவிடுவோம் என்று அம்மா சொல்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா பிரிட்ஜ் பக்கம் போய் உன் படத்தைப் பார்த்தார். முதல் மீன் வந்த நேரம் அவன் கத்தினவனோ எண்டு கேள், என்றார். உடனேயே, வேண்டாம், அதை எழுதாத என்றார். எழுதியாயிற்று அண்ணா, பேனையால் எழுதினது அழியாது. இதற்குப் பதில் எனக்கு வேண்டாம், அவருக்குப் போன் எடு. அன்றைக்கு எப்படிக் கத்தினாயோ அப்படியே கத்திக் காட்டு, அவர் கேட்கவேண்டும்.

படகில் மிதவைச் சட்டை போடாமல் ஏறாதே, ஞாயிறு பூசையை ஏரிக்காக விடாதே. மாதா உன்னையும் மருமகளையும் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
அருட்பிரகாசம்