மூன்று லட்சம் வயதுப் பாறை

பதிவு 1
மே 4, காலை 7.10

வெளியே வெப்பம் 38 டிகிரி. காற்று வடமேற்கிலிருந்து. நீர்த்தொட்டி பாதி. கருவிகள் சரி.

இதைத் திறந்து படிப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால் அறிமுகம். நான் ஆரோக்கியசெல்வி, பாறைகளின் வயதைக் கணிப்பவள். இது கரும்பரப்பு ஆய்வு நிலையம். சுற்றிலும் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த கறுப்புக் கல்வெளி, அதற்கு அப்பால் மணல். தெற்கே ஒரு மணி நேர வண்டித் தூரத்தில் புதுக்கரை. கடல் விழுங்கிய நாகைக் கரையோர ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நாலாயிரம் பேர் அங்கே பூமிக்கடியில் குடியிருக்கிறார்கள். குழம்பு ஓடியபோது மேல்பக்கம் உறைந்து, உள்ளே இருந்தது வடிந்துபோனதால் உண்டான குகை. ரயில் சுரங்கம் போல நீளம். வெளியே ஐம்பது டிகிரி கொளுத்தும்போது உள்ளே இருபத்தாறு. என் கணவர் செபஸ்தியானும் அங்கேதான் இருக்கிறார். குகைக்குக் காற்று அனுப்பும் பெரிய காற்றாடிகளுக்கு அவர்தான் மெக்கானிக்.

ஜனம் பெருகிவிட்டது. பக்கத்துக் குகையையும் திறக்கப் போகிறார்கள். அதற்கு வயதுச் சான்று வேண்டும் என்று என்னைப் போன வருடம் இங்கே போட்டார்கள். முதல் குகைக்கு மூன்று லட்சம் ஆண்டு என்று பதினோரு வருடத்துக்கு முன்பே சான்று கொடுத்தாகிவிட்டது. அவ்வளவு காலம் சும்மா கிடந்த எரிமலை இனி விழிக்காது என்பது தீர்ப்பு. இரண்டு குகையும் ஒரே குழம்பில் உண்டானவை. ஆக, என் வேலை கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்ப்பது.

பதிவு 2
மே 9, காலை 11.00

மாதிரியைத் தலைமையகம் சொன்ன முறைப்படி முழுசாக அரைத்து அளந்தேன். மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ஆண்டு. எல்லோருக்கும் சந்தோஷம்.

முறையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கல்லில் உள்ள பொட்டாசியம் மெல்ல மெல்ல ஆர்கான் வாயுவாக மாறி உள்ளேயே சேரும். குழம்பாக உருகும்போது பழைய வாயு வெளியேறிவிடும். உறைந்த நாளிலிருந்து கணக்குப் புதிதாகத் தொடங்கும். சேர்ந்த வாயுவை அளந்தால் வயது தெரியும். குழம்பு ஆழத்திலிருந்து அடித்துக்கொண்டு வரும் பச்சைப் படிகங்களில்தான் வில்லங்கம். அவை முழுசாக உருகுவதில்லை. பழைய வாயுவை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். நேற்றுப் பிறந்த கல்லுக்கும் லட்சக்கணக்கில் வயது சொல்லும். அதனால் கல்லை நொறுக்கி, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, இடுக்கியால் பச்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிய வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான். கழுத்து ஒடியும்.

எனக்கு அது பழக்கதோஷம். பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை அளந்தேன். ஆர்கான் இல்லை. கருவி கெட்டுவிட்டதென்று திட்டினேன். வேறு மாதிரி எடுத்து மறுபடி அளந்தேன். அதிலும் இல்லை.

கருவி நன்றாகத்தான் இருக்கிறது.

பதிவு 3
மே 16, மாலை 5.30

குழம்பு ஓடி நின்ற விளிம்பைத் தோண்டினேன். கறுப்புக் கல்லுக்கு அடியில் செங்கல் போலச் சுட்ட மண். அதற்குள் கருகிய புதர் வேர். கரிமக் கணிப்பில் அறுநூற்று நாற்பது ஆண்டு.

புதர் உயிரோடு நின்றிருக்கிறது, குழம்பு வந்து மூடியிருக்கிறது. இதில் தர்க்கம் செய்ய ஒன்றுமில்லை.

இந்தக் கல்லைப் பார்க்கும் எந்தக் குழந்தையும் இது போன மாதம் கொட்டியது என்றுதான் சொல்லும். நுரை அப்படியே இருக்கிறது, முனைகள் கையைக் கிழிக்கின்றன. நாங்கள் படித்தவர்கள் அல்லவா, அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தோம். பாலையில் மழை கிடையாது, மண் கிடையாது, அதனால் கல் மூப்படையாது, புதிது போலத் தெரிந்தாலும் பழையதுதான் என்று. விளக்கம் சரியானது. பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதை வைத்துத்தான் கண்ணெதிரே கிடந்ததை மறைத்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை முனைவர் பட்டம் வாங்கிச் செய்திருக்கிறோம்.

வானொலியில் செபஸ்தியானிடம் சொன்னேன். பெண்களிடம் வயது கேட்டாலும் இப்படித்தான் குழப்பம் வரும் என்று கேலி செய்தார். பிறகு, அறுநூறு வருடம் என்பது அதிகமா கொஞ்சமா என்று கேட்டார். எரிமலைக்கு அது மதியத் தூக்கம் என்றேன்.

பதிவு 4
மே 19, பகல் 1.00

இதற்கு அடியில் இருக்கும் இரண்டு பழைய ஓட்டங்களையும் பொறுக்கி, தோண்டி, கணித்தேன். ஒன்று சுமார் ஆயிரத்து இருநூறு ஆண்டு. அடுத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஏறக்குறைய அறுநூறு, எழுநூறு ஆண்டுக்கு ஒருமுறை. எரிமலை பஞ்சாங்கம் பார்ப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் காலம் நெருங்கியிருக்கிறது.

தலைமையகத்துக்கு முழு அறிக்கை அனுப்பினேன். இயக்குநர் இளம்பரிதி என்னோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் படித்தவன். முதல் குகைக்குச் சான்று கொடுத்தவனும் அவன்தான். அலுவலகப் பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. பரிசீலிக்கிறார்களாம்.

பதிவு 5
மே 21, காலை 9.20

இளம்பரிதி தனி அலைவரிசையில் பேசினான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“செல்வி, நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். அன்னிக்கு முகாம்ல காலரா. தினம் பொணம் விழுந்துச்சு. குகை முழுசுக்கும் பொறுக்கி அளக்க மூணு மாசம் ஆகும்னாங்க, அரைச்சா மூணே நாள். அரைங்கன்னு சொன்னேன். நீ என் எடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்ப? இப்ப அவங்கள வெளிய கொண்டுவந்து எங்க வைக்கிறது? ஒரு எடம் சொல்லு, நாளைக்கே லாரி அனுப்புறேன்.”

என்னிடம் இடம் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அன்று அரைத்ததை நான் மன்னித்துவிடுவேன். ஆனால் அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தது. நாலாயிரம் பேரைக் காப்பாற்றியவன் என்று உலகமெல்லாம் போய் மாலை போட்டுக்கொள்ள நேரம் இருந்தவனுக்கு, உட்கார்ந்து பச்சை பொறுக்க நேரம் இல்லை. அவன் வீடு மழை பெய்கிற மலையில் இருக்கிறது.

பதிவு 6
மே 24, காலை 8.00

நேற்றிலிருந்து சிறு அதிர்வுகள். எனக்கும் புதுக்கரைக்கும் நடுவே தரை ஒரு சாண் உப்பியிருக்கிறது. பாறை வெடிப்புகளில் கரியமில வாயு. காற்றைவிடக் கனமானது, பள்ளம் தேடிப் போகும். குகையைவிடப் பெரிய பள்ளம் இங்கே எது?

செபஸ்தியானிடம் வாருங்கள், வண்டி அனுப்புகிறேன் என்றேன். அவர் ஊர்க் கூட்டம் போடச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் பேசியிருக்கிறார், என் கணக்கையெல்லாம் சொல்லியிருக்கிறார். மூத்தவர்கள் நாலு முறை வீடு விட்டதை எண்ணிக் காட்டினார்களாம். ஒவ்வொரு முறையும் பாதிப் பேர் ஒரு முகாம், மீதிப் பேர் வேறு முகாம், பிரிந்தவர்கள் பிரிந்தவர்கள்தான். அதற்காகவே இங்கே வந்த அன்று மாதா சுரூபத்துக்கு முன்னால் ஊர்க்கட்டு போட்டிருக்கிறார்கள். போனால் ஊரே போகும், இல்லையென்றால் ஒருவரும் போகக் கூடாது.

“அறுநூறு வருசக் கணக்குல பத்து வருசம் முன்னப் பின்ன இருக்காதான்னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்ல? இருக்கும்னு சொன்னேன். கைதூக்கச் சொன்னாங்க. இருக்கறதுன்னு முடிவாயிடுச்சு, செல்வி. ஊர்க்கட்ட மீறி நான் மட்டும் வண்டியில ஏறுனா, அப்பறம் இந்த மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

நேர்மையான மனிதரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். இருக்கும் என்று ஏன் சொன்னீர்கள் என்று கத்தினேன். நீதானே அப்படிச் சொல்லிக்கொடுத்தாய் என்றார்.

பதிவு 7
மே 27, காலை 10.40

தரை ஒரு முழம் உப்பிவிட்டது. எல்லா அலைவரிசையிலும் எச்சரிக்கை விட்டேன். அரை மணி நேரத்தில் என் ஒலிபரப்பைத் தலைமையகம் துண்டித்துவிட்டது. பீதி கிளப்புகிறேனாம். செபஸ்தியானின் கைவானொலி ஒன்றுதான் மிச்சம்.

பகல் 12.15

குகையின் கீழ்க்கோடியில் வாயு இறங்கிவிட்டது. படுத்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. இப்போது ஊரே வெளியே போக நிற்கிறது. ஆனால் குளுமை போகாமலிருக்க, கோடையில் பகலெல்லாம் வாசல் கதவு பூட்டியிருக்கும். பூட்டு தலைமையகத்தின் கையில். செபஸ்தியான் கேட்டார். ஊர்த் தலைவர் கேட்டார். வந்த பதிலைச் செபஸ்தியான் கைவானொலியில் எனக்கும் கேட்கவைத்தார்.

“வெளிய இப்ப அம்பத்தோரு டிகிரி. நாலாயிரம் பேரை வெயில்ல நிறுத்துனா கொத்துக் கொத்தா விழுவாங்க. காத்தாடிய முழு வேகத்துல ஓட்டுங்க. நாலரை மணிக்கு வெயில் தாழ்ந்ததும் கதவு திறக்கும்.”

இளம்பரிதியின் குரல். நடுங்கியது. நடுங்குகிற குரல் கதவைத் திறப்பதில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் தரை பிளந்து கிடக்கிறது, உள்ளே செக்கச் சிவப்பு. சுற்றிப் போக வழியில்லை. திரும்பி வந்தேன்.

மாலை 4.50

“கதவு தொறந்துட்டாங்க செல்வி. வெளிய போகத்தான் ஆளு இல்ல. நான் காத்தாடி மேடையில ஒசரத்துல இருக்கேன், அதான் பேசுறேன். கீழ எறங்கித்தான் கதவுக்குப் போவணும். எல்லாரும் வாசப்பக்கமா தலைய வச்சுப் படுத்திருக்காங்க. ஊர்க்கட்டு போட்ட மாதிரியே, ஒருத்தரும் பிரியல.”

இறங்காதீர்கள் என்றேன். காற்று கலைந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பொய் சொன்னேன். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் நம்பாத பொய் அது ஒன்றுதான். சாப்பிட்டாயா என்று கேட்டார்.

பதிவு 8
மே 28, காலை 6.00

இரவில் பிளவிலிருந்து குழம்பு தெற்கே ஓடியது. வாசல் பள்ளத்தில் இருக்கிறது, குழம்பும் அங்கேதான் போனது. விடியற்காலை 3.20-க்குப் பிறகு கைவானொலியில் இரைச்சல் மட்டும்.

தலைமையகத்திலிருந்து அனுதாபச் செய்தி வந்தது. இயற்கைச் சீற்றமாம். இயற்கை சீறவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. நாம்தான் அதன் வழியில் ஊரை வைத்து, கதவையும் பூட்டினோம்.

பதிவு 9
மே 28, பகல்

குழம்பு இந்தப் பக்கமும் திரும்பிவிட்டது. வண்டி எரிந்துவிட்டது. மின்சாரம் விட்டு விட்டு வருகிறது.

உறைந்த விளிம்பில் ஒரு கல்லை உடைத்து எடுத்து வந்தேன். கையுறையோடு தோலும் போனது. முழுசாக அரைத்து அளந்தேன், தலைமையகம் சொன்ன முறைப்படி. மூன்று லட்சத்து இருபதாயிரம் ஆண்டு.

இன்று விடியற்காலையில் பிறந்த கல்.

படிப்பவரே, உங்களிடமும் கருவி இருக்கும். அவசரமும் இருக்கும். அரைத்து அளந்துவிட்டு, இவ்வளவு பழைய பாறைக்கு அடியில் மனிதர் இருக்க வழியில்லை என்று எழுதிவிட்டுப் போவீர்கள். இருக்கிறார்கள். நாலாயிரம் பேர். உங்கள் கழுத்து ஒடியட்டும், உட்கார்ந்து பொறுக்குங்கள். வயது பூஜ்யம் என்று வரும். வந்ததும் தோண்டுங்கள். முதலில் காற்றாடி மேடையைத் தோண்டுங்கள், அது உயரத்தில் இருக்கிறது, அங்கே குழம்பு ஏறியிருக்காது. வாசலிலிருந்து நேராக உள்ளே போய், மாதா சுரூபம் தாண்டி, இடது கைப்பக்கம் இரும்பு ஏணி. ஏணியிலிருந்து