குண்டு போய் நிற்கும் இடம்

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறும், அடுத்தது கீழே சரியும். செம்பனைக் குலை வெட்டிய கைக்குப் பேனா இன்னும் பிடிபடவில்லை. ஆனால் இந்த வயதில் எழுதுகிறேன், பார்! பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடைக்கு மேலே பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். மகள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நேற்று யாரையும் கேட்காமல் 'துப்பாக்கி' என்று எழுதிவிட்டேன். டீச்சர் எட்டிப் பார்த்து, "என்ன அங்கிள், யார சுடப் போறீங்க?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் கீழேயிருந்து தையல் மிஷின் எண்ணெய் வாசனை ஏறி வந்தது. உன் வீட்டு வாசனை. உன் மனைவியின் மிஷின் எண்ணெயைத்தானே துப்பாக்கிக்கும் போடுவாய்? அவள் திட்டினால், "உன் மிஷின் துரு புடிச்சா சட்ட தைக்க முடியாது. இது துரு புடிச்சா என்னையே தைக்கணும்" என்பாய்.

என் பெயருக்கு அடுத்து நான் எழுதிப் பழகியது உன் பெயரைத்தான். இருந்தும் இந்த மடலில் அதை எழுதவில்லை. காட்டுக்குள் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, கேட்கக்கூடாத ஏதோ ஒன்று கேட்டுக்கொள்ளும் என்பது நம் வழக்கம். நீ இன்னும் அங்கேயேதான் நிற்கிறாய் என்று எனக்கு ஒரு நினைப்பு.

போன வாரம் உன் மகன் வந்திருந்தான். அம்மாவின் திதிக்காக நியூசிலாந்திலிருந்து வந்தவன், புறப்படும் முன் என்னைப் பார்க்க வந்தான். உன்னைப் போலவே ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மாமா, அங்க மான் வேட்டைக்கு அனுமதி இருக்கு. வேல எடத்துல கூட்டாளிங்க கூப்பிடுறாங்க. புதுசா ரைஃபிள் வாங்கணும். நீங்க அப்பாகூட போயிருக்கீங்கல்ல, எது நல்லது?"

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். அவன் அப்போது கைக்குழந்தை. துப்பாக்கியால் ஒரு விபத்து என்பதற்கு மேல் அவன் அம்மா அவனுக்கு எதுவும் சொல்லவில்லை. அதனால் நான் சொன்னேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த நாளில் உரிமம் எடுத்தால் மான் சுடலாம். கிள்ளானுக்கு வெளியே நம் தோட்டத்தை ஒட்டிய காட்டுக்கு, செராஸிலிருந்து ஒரு குத்தகைக்கார பாஸ் வந்தார். தொலைநோக்கி வைத்த ரைஃபிள் அவருடையது. உன்னுடையதோ ரவைத் தோட்டா போடும் பழைய ஒற்றைக்குழல். அதைப் பார்த்து, "என்னலா இது, காக்கா வெரட்டவா?" என்றார்.

நீ கோபப்படவில்லை. "பாஸ், வெட்டவெளின்னா உங்களுதுதான் ராஜா. இங்க நாலு எட்டு தள்ளி எலதான் தெரியுது. என் ரவை கிட்டத்துலயே நின்னுரும். உங்க குண்டு எங்க போய் நிக்கும்?"

"மான் ஒடம்புல நிக்கும்லா!"

"படலன்னா?"

அவர் அதற்குள், ரைஃபிள் போடும் சத்தத்தில் காது போய்விடும் என்று காதில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார்.

பெயர் சொல்லாத நமக்கு இருமல்தான் அடையாளம். இருமினால், 'இங்கே ஆள் இருக்கிறேன், சுடாதே' என்று பொருள். பஞ்சு வைக்கும் முன்பே அவரிடம் அதை விளக்கியிருந்தாய். இப்போது இன்னொரு முறை சொன்னாய். அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினாரோ.

மானைக் கிளப்ப நீ சுற்றிக்கொண்டு போனாய். நான் ஓடையோரம் நின்றேன்; பாஸ் சற்றுத் தள்ளி ரைஃபிளோடு நின்றார். நல்ல வெயில் ஏறியிருந்தது. உன் இருமல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. உடனே வெடிச்சத்தம். மான் ஒரு காயமும் இல்லாமல் என்னைத் தாண்டி ஓடியது. அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வழக்கத்தை மறந்து உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். காடு முழுக்க உன் பெயர் கேட்டது. யாரும் இருமவில்லை.

கேட்டு முடித்த உன் மகன் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "அங்க இப்படி இல்ல மாமா. ஆரஞ்சு சட்ட போட்டுக்கிட்டுத்தான் போவோம்" என்றான்.

"மலையா, காடா?"

"ரெண்டும் இருக்கு மாமா."

"அப்ப ரொம்ப தூரம் போறத வாங்காத, தம்பி. அது ஆளா மானான்னு ஒன் கண்ணுக்குத் தெரியிற தூரம்தான் துப்பாக்கிக்குத் தூரம்."

தலையை ஆட்டினான். அந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு தயங்கித் தயங்கிப் போனை நீட்டினான். ஏற்கெனவே ஒன்றைப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டானாம். கறுப்பாக, நீளமாக, தொலைநோக்கியோடு இருந்தது. அதன் பக்கத்தில் காதை மூடும் சாமான் ஒன்று.

"இத சும்மா தராங்க மாமா. போட்டா வெளிய உள்ள சத்தம் ஒண்ணுமே கேக்காது."

வகுப்புத் தாளில் ஒரு துண்டைக் கிழித்தேன்.

"சொல்லுங்க மாமா, நான் போன்ல அடிச்சிக்கிறேன்."

"வேணாம்லா. நானே எழுதணும்."

அவன் காத்திருந்தான். நான் எழுத்து எழுத்தாக எழுதினேன்: 'குண்டு எங்கே போய் நிற்கும்?' உன் கேள்விதான். நான் இன்னொருவருக்காக எழுதிய முதல் எழுத்து அது. அதில்கூட எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, பார். துப்பாக்கியில் கன்னம் படும் இடத்தில் ஒட்டிக்கொள் என்றேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவன் அல்லவா, வாய்விட்டுப் படித்தான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். காதில் அந்தச் சாமானை மாட்டாதே என்றும் சொன்னேன். "பாக்குறேன் மாமா" என்றான்.

இங்கே ரயில் நிலையத்தில் யாராவது இருமினால் இன்றைக்கும் நான் அப்படியே நின்றுவிடுகிறேன். மகள் கையைப் பிடித்து இழுக்கிறாள். அடுத்த இருமல் வரும்வரை எனக்குக் கால் நகராது. எழுத்து இப்போதுதான் வந்தது. இந்தக் காத்திருப்பு அன்றிலிருந்தே என்னோடு இருக்கிறது.

சனிக்கிழமை அவன் நியூசிலாந்துக் காட்டுக்குப் போகிறான். வெளியே வந்ததும் போனில் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் உனக்கு மறுபடி எழுதுவேன். அவன் குரல் எனக்குக் கேட்டிருந்தால், நீயும் காட்டைவிட்டு வெளியே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, முதல் வரியில் உன் பெயரைப் போட்டு எழுதுவேன்.