நான் போடாத வாக்கு

செப். 11, வியாழன்

காலை முதல் தூறல். முழங்கால் நோ. கணவருடைய கல்லறைக்குப் போகவில்லை. இவர் இறந்து ஒன்பது வருடத்தில் நான் தவறவிட்ட மூன்றாவது வியாழன்.

நாங்கள் வந்து குடியேறிய இந்த வெளிநாட்டு ஊரில் ஞாயிறு நகரசபைத் தேர்தல். வாக்களிக்க வரும் அழைப்புக் கடிதத்தைக் காணவில்லை. மேசை லாச்சி, பைல், பைபிள், எல்லாம் பார்த்தாயிற்று. தேர்தல் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். நான் தபால் வாக்குக்கு விண்ணப்பித்திருக்கிறேனாம். வாக்குச்சீட்டு இரண்டு கிழமைக்கு முன்பே அனுப்பியாயிற்றாம். எந்த விலாசத்துக்கு? அருமைநாதனுடைய அலுவலகத்துக்கு. எங்கள் பகுதியின் நகரசபை உறுப்பினர், இந்தமுறையும் நிற்கிறவர்.

இப்போது விளங்குகிறது. ஆகஸ்டில் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தான். என் கண்ணாடி திருத்தக் கொடுத்திருந்த நேரம். மேசையில் கிடந்த கடிதங்களை அடுக்கித் தந்தான்; அழைப்புக் கடிதமும் அப்போதுதான் போயிருக்கும். முதியோர் சுற்றுலாவுக்குப் பெயர் பதிகிறேன், ஒரு கையெழுத்து என்றான். போட்டேன். வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறவர்களை ஆயுள் முழுக்கத் திட்டிய நான்.

மாம்பழமும் புளிப்பு.

மாலை: மேல்வீட்டுப் புஸ்பத்திடம் கேட்டேன். அவள் ஒரு யோசனையும் இல்லாமல், "அவர்தானே அக்கா எங்கட எல்லாருக்கும் போடுறவர். எங்களுக்கேன் தலையிடி?"

அவன் செய்தவை:
புஸ்பத்தின் மகனுக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி இடம்.
கீழ்வீட்டாருக்கு ஃபிளாட்.
எனக்கு: இவரின் சாவுக்கு மண்டபம், பாதிரியார். சவப்பெட்டியின் முன்பக்கத்தில் அவன் தோள்.

மறுக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக அவனுக்கே போட்டேன். இம்முறையும் போடத்தான் இருந்தேன். அதுதான் எரிகிறது.

செப். 12, வெள்ளி

வெயில். நல்ல சேலை, நல்ல சப்பாத்து. பஸ் பிந்தியது.

தேர்தல் அலுவலகம். சீட்டு என் கைக்கு வரவில்லை என்று கையெழுத்து. இரண்டு தரம் வாசித்தேன். பழையது ரத்து. புதியது கைப்பைக்குள்.

அந்த விலாசம் யாருடையது என்று அங்கிருந்த பிள்ளை கேட்டாள். உண்மையைச் சொன்னால் பொலிஸ். பிறகு புஸ்பமும் மற்றக் கிழங்களும் வரிசையாக விசாரணைக்கு. உறவினர் வீடு, தபால் எங்கோ தவறியிருக்கும் என்றேன்.

கொன்வென்ட்டில் மதர் முன்னால் பிரம்படி வாங்கியபோதும் சொல்லாத பொய். இவனுக்காகச் சொன்னேன்.

செப். 14, ஞாயிறு

பூசை. பிறகு பள்ளிக்கூடத்தில் வாக்கு. பென்சில் கூர் மழுங்கல். கோடு தடிப்பாக விழுந்தது. பரவாயில்லை.

தெருவின் எதிர்ப்பக்கத்தில் அவன். எழுபத்திரண்டு வயது, மீசைக்குக் கறுப்பு மை, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டு. என்னைக் கண்டதும் ஓடி வந்தான்.

"இந்தக் காலோட ஏன் அக்கா வந்தனீங்கள்? உங்கடைய நான் அப்பவே அனுப்பிட்டன்."

"அது செல்லாது தம்பி. இப்பதான் நானே போட்டிட்டு வாறன்."

சிரிப்பு நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆருக்கு அக்கா?"

"இருபத்தைஞ்சு வருசத்தில இண்டைக்குத்தான் அதைக் கேக்கிறீர்."

சொல்லவில்லை. இங்கும் எழுதப்போவதில்லை.