டோலி டீம் பேரை என்ன செய்வது, மாப்பிள்ளை?

என் ஆசை மாப்பிள்ளை மாரிமுத்துவுக்கு,

என் தங்கை செல்லம்மாவைக் கட்டிய நாளிலிருந்து நாலு பேர் முன்னால் உன்னை 'வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிட்டேன். கிரவுண்டில் இறங்கினால் மட்டும் 'டேய் மாரி'. இதையும் நாலு பேர் படிப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் இன்றைக்கு நீ எனக்குக் கிரவுண்டு மாரிதான். கோபித்துக்கொள்ளாதே.

நீ போன பிறகு காப்பி பூத்து உதிர்ந்துவிட்டது. கரடியூர்ச் சரிவெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. அந்த வாசனை வந்தால் தலை வலிக்கிறது என்று துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிவாயே, செல்லம்மா பழக்கத்தில் இந்த முறையும் துண்டை எடுத்து வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் நினைவு வந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஃபுட்பால் டீமின் பேரை மாற்றச் சொல்லி எஸ்டேட் துரை ஆள் அனுப்பினார். கணக்கெழுதும் ரைட்டர் நம் லயன் வீட்டு வாசல்வரை வந்து, குடையைக்கூட மடக்காமல் சொன்னார்.

"எஸ்டேட் பேர வெச்சுக்கிட்டீங்கன்னா அல்லாருக்கும் பூட்ஸு, பனியன் தொரையே தர்றாராம். டோலி டீம்னு இனிமே எங்கயும் சொல்லப்படாது. அவருக்கு கிளப்புல கேலி பண்றாங்களாமா."

எனக்கு வந்ததே கோபம்! அந்தத் துரையின் மாமனார் இந்த மலைக்கு எப்படி வந்தார்? நம் அப்பன்மார் தோளில் ஏறித்தானே வந்தார்? ஏறி வந்தது கேவலமில்லை, தூக்கியதுதான் கேவலமா? கேட்க வாய் துறுதுறுத்தது. நீயாக இருந்தால் கேட்டே இருப்பாய். நான் "யோசிச்சுச் சொல்றமுங்க" என்று அனுப்பிவைத்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் துரைமாரும் அவர்கள் வீட்டுப் பெண்களும் டோலியில்தான் வந்தார்கள். நீண்ட மூங்கில், அதில் தொங்கும் இருக்கை, முன்னும் பின்னும் ஆட்கள். கம்பளித் துண்டை மடித்துத் தோளில் வைத்துத் தூக்குவார்கள். பனி இறங்கினால் பக்கத்தில் இருப்பவன் தெரியமாட்டான். அதனால் களைத்தவன் "தோளு!" என்று குரல் கொடுப்பான், மாற்று ஆள் குரலைப் பிடித்துக்கொண்டு வந்து மூங்கிலுக்குக் கீழே தோள் கொடுப்பான். நடை நிற்காது. ஒரு முறை தூக்கினால் போய்ச் சேரும்வரை வழியில் எங்கும் இறக்கி வைக்கக்கூடாது. அது அவர்களுக்குள் இருந்த கட்டுப்பாடு.

அவர்கள் பிள்ளைகள் நாம் பந்து ஆடினோம். கரடியூர் கிரவுண்டிலும் அதே பனி. பந்து காலில் இருப்பவன் "தோளு!" என்பான், பக்கத்தில் இருப்பவன் வந்து வாங்கிக்கொள்வான். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்ததில்லை, வாயில் அதுதான் வந்தது. சேலத்து டவுன் டீம் முதல் முறை மேலே வந்தபோது, "டோலி தூக்கற பசங்கடா!" என்று சிரித்தார்கள். பனி இறங்கியதும் பந்து எங்கே போகிறது என்று தெரியாமல் தங்களுக்குள்ளேயே முட்டிக்கொண்டார்கள். ஜெயித்தது நாம். ஒண்டிக்கடை முக்கு டீக்கடைவரை அந்தப் பேர் நம்மோடு நடந்து வந்தது.

எல்லாரும் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டோம். நீ ஒருவன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். உன் அப்பா தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்த்துக் கிடந்ததை நீ சிறுவயதிலிருந்து பார்த்தவன். அவருடைய டோலி மூங்கிலை வீட்டுக்குள் குறுக்கே கட்டித் துணி காயப்போடும் கொடியாக்கிவிட்டாய். "இந்தப் பேர மாத்தாம நான் உடமாட்டேன் மச்சான்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்!

அதனால்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. உன் இடத்தில் இப்போது ஆடும் பழனி நேராகவே கேட்டான்.

"ஏனுங்ணா, மாரியண்ணனே மாத்தோணும்னுதானுங்க சொல்லிட்டிருந்தாரு. இப்ப தானா வருது. உட்டுப்போடலாமுங்களா?"

நான் என்ன சொல்வேன்? துரைக்குத் தலையாட்ட மனமில்லை. உன் ஆசையைத் தட்டவும் மனமில்லை. கடைசியில் செல்லம்மாவையே கேட்டுவிடலாம் என்று உன் வீட்டுக்குப் போனேன்.

கேட்டதும் அவள் அந்த மழை நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். உனக்கு நினைவிருக்கிறதா? ஐப்பசி அடைமழை. ரோட்டில் மண் சரிந்து பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாய். உடனே சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் கம்பவுண்டர். எல்லாரும் திகைத்து நிற்க, செல்லம்மாதான் கொடியில் கிடந்த சேலையையும் வேட்டியையும் உருவிக் கீழே எறிந்துவிட்டு மூங்கிலை அவிழ்த்தாள். உன் கம்பளியையே தூளியாகக் கட்டினோம். நம் டீம் முழுவதும் வந்தது. பழைய மலைப்பாதையில் இறங்கினோம். யாரும் சொல்லாமலே "தோளு!" என்ற குரல் கேட்டது. தோள் மாற்றினோம். மறுபடியும் "தோளு!"

நடுவழியில் நீ கண்ணைத் திறந்து, "மெதுவாப் போங்கடா, தொர ஒக்காந்திருக்கறன்" என்றாய். எல்லாரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை. அடிவாரத்தில் வண்டி கிடைத்தது. ஆஸ்பத்திரியும் வந்தது. நேரம் கடந்துவிட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. செல்லம்மா சொன்னது எனக்குத் தெரியாதது. உன் தலைமாட்டில் குடை பிடித்துக்கொண்டு அவள்தானே நடந்து வந்தாள்!

"அண்ணா, அவரு எங்கிட்ட மட்டும் ஒண்ணு சொன்னாருங்க. 'கொஞ்சங்கூட அலுங்கல புள்ள. வகுறு வலியே தெரியாத மாதிரி தூக்கறானுங்க. எங்கப்பனும் இப்படித்தான தூக்கியிருப்பாரு? இது நொம்ப நல்ல வேலை புள்ள. நாந்தான் அவரு தோளப் பாத்து வெக்கப்பட்டுட்டன்'னாரு."

பிறகு அவள், "அந்தப் பேரே இருக்கட்டுமுங்ணா. பனியன் நான் தெச்சுத் தர்றன்" என்றாள். வீட்டுக்குக் குறுக்கே அந்த மூங்கில் பழையபடி கட்டியிருந்தது. ஏனோ அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ரைட்டரிடம் போய், "பூட்ஸ் வேணாமுங்க. பேரு எங்களுக்கு இருக்குதுங்க" என்றேன். "கிரவுண்டு எஸ்டேட்டுது, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். அந்த வாரமே கோல் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள். கிரவுண்டில் இப்போது காப்பி நாற்றுப் பை அடுக்கியிருக்கிறார்கள். நாம் கல் பொறுக்கிச் சமன்படுத்திய இடம் அது. அந்தப் பக்கம் போகும்போது மனசு கேட்கவில்லை.

ஆனால் கேள். கிளியூரில் சாமை விதைக்கிற மலைக்காரப் பெரியவர் ஒருவர், உன் ஆட்டத்தைப் பார்க்க மாட்டை மரத்தில் கட்டிவிட்டு வருவாரே, அவரே கூப்பிட்டு அனுப்பினார். "காடு சும்மாதான் கெடக்குது. வெதைக்கிற வரைக்கும் ஆடிக்கங்க சாமி" என்றார். விதைத்த பிறகு எங்கே போவது? தெரியாது. ஒரு பக்கம் நல்ல சரிவு. பந்து ஓடினால் ஓடைக்குத்தான் போகவேண்டும். கோல் காக்கிற என் பிழைப்பு நாய்ப் பிழைப்பாகிவிட்டது, நீ பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்காரர்கள் வருகிறார்கள். செல்லம்மா பனியன்களைத் தைத்து முடித்துவிட்டாள். ஒவ்வொன்றின் வலது தோளிலும் ஒரு கம்பளித் துண்டு வைத்துத் தைத்திருக்கிறாள். உன்னைத் தூக்கி வந்த கம்பளிதான். நேற்றுப் பார்த்தேன், எல்லாப் பனியன்களும் துவைத்து அந்த மூங்கிலில் காய்ந்துகொண்டிருந்தன. பழனி தன்னுடையதை எடுத்துத் தோள் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பக் காயப்போட்டான்.

அவர்கள் மறுபடியும் 'டோலி தூக்கிகள்' என்பார்கள். 'ஆமாங்க' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தோற்றாலும் அதே பேரில்தான் தோற்போம். அன்றைக்கு அந்த மழையிலும் உன்னை வழியில் எங்கும் இறக்கி வைக்கவில்லை, மாப்பிள்ளை. இந்தப் பேரையும் இறக்கி வைக்க மாட்டோம்.

உன்னைத் தோளில் சுமந்த,
உன் மச்சான்
பெரியசாமி