ஏழாம் கட்டிலுக்குத் தண்ணீர்

ஜூன் 2

என் ராணுவப் புலி மருமகளுக்கு,

மாமா நலம். உன் அத்தையும் நலம். என்னைத் திட்டுகிற சத்தத்திலிருந்தே தெரிகிறது. நீ நலமாகத்தான் இருப்பாய், என் அக்கா வயிற்றில் பிறந்தவளாயிற்றே.

ராணுவ ஆஸ்பத்திரியில் நர்சாக வேண்டும். அதற்கு ராணுவ நர்சிங் கல்லூரியில் நாலு வருஷப் பட்டப்படிப்பா, இல்லை உன் அம்மா சொல்கிறபடி வீட்டிலிருந்தே போய்வரும் மூன்று வருஷ டிப்ளமோவா என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். எட்டாம் வகுப்பையே மூன்று தடவை படித்தவன் நான். என் படிப்பு அவ்வளவு ஆழம்.

ராணுவ ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த ஆறு வருஷமும் பெரிய டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் கத்தியைத் தொட்டதில்லை. ஒரு நாள் ஏழாம் கட்டிலில், வயிற்றில் குண்டு பட்ட ஒரு சிப்பாய். தண்ணீர் கூடாது என்று அட்டை மாட்டியிருந்தார்கள். நாக்கு வறண்டு கிடக்கிறான். நான் பார்த்தேன், ஒரு டம்ளர் தண்ணீரைப் புகட்டினேன். எழுந்து உட்கார்ந்துவிட்டான்! டாக்டர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இதையெல்லாம் எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறான்? நாலு வருஷம் வீண். டிப்ளமோவே போதும், மீதியை நான் சொல்லித் தருகிறேன். அக்காவிடமும் அப்படியே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
டாக்டர்களே வியந்த உன் மாமா


ஜூன் 11

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னதும் அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "தம்பியே சொல்லிட்டான், இனிமே பேச்சே கிடையாது" என்கிறாள். பட்டப்படிப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடமாட்டாளாம். கடைசி நாள் இந்த மாதம் முப்பது. ராணுவத்தில் நர்ஸ் என்றால் அதிகாரிப் பதவி, டிப்ளமோவை மட்டும் வைத்துக்கொண்டு அதில் சேர முடியாது மாமா. நீங்கள் சொன்னால்தான் அவள் மனம் மாறுவாள்.

இன்னொன்று. கல்லூரியைப் பார்த்துவரப் போயிருந்தேன். அங்கே பாடம் எடுக்கும் மேஜர் மேடத்திடம் உங்கள் ஏழாம் கட்டில் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வயித்துல குண்டு பட்டு ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவனுக்குத் தண்ணியா? உங்க மாமா சும்மா அளக்கிறார்னா நல்லது. நெஜமா குடுத்திருந்தா, அந்தப் பையன் பொழச்சிருப்பான்னு எனக்குத் தோணல."

வழக்கம்போல அளந்ததுதானே, மாமா? அவர் பிழைத்துவிட்டார்தானே?

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 20

மருமகளே,

இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். ஒன்றில் அவன் பிழைத்துக் கல்யாணமே செய்துகொண்டான். இன்னொன்றில் எனக்குப் பதக்கம் குத்தினார்கள். கை அப்படித்தான் போகிறது.

பெரிய டாக்டருக்கு என் முகமே தெரியாது. மலப்பாத்திரம் கழுவி, ஸ்ட்ரெச்சர் தள்ளிய ஆள் நான். அட்டையை மாட்டிய சிஸ்டர், "ஏழுக்குத் தண்ணி கூடாது, ஞாபகம் வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் வந்த ஆம்புலன்சைப் பார்க்க ஓடினார். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, ஒரு வாய்ண்ணே."

ஏன் கூடாது என்று எனக்குத் தெரியாது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று, தலையைத் தூக்கிப் பிடித்து ஒரு டம்ளர் முழுக்கக் கொடுத்தேன். "நல்லா இருப்பீங்கண்ணே" என்றான். மயக்க மருந்து கொடுத்ததும் வாந்தி வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிட்டதாம். ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டான்.

"யார் தண்ணி குடுத்தது?" என்று டாக்டர் கேட்டபோது சிஸ்டர் என்னைப் பார்த்தார். என் வாய் திறக்கவில்லை. இவ்வளவு பேசுகிற இந்த வாய். "வார்டு என் பொறுப்பு சார்" என்றார் அவர். மறுவாரம் அவரை எங்கேயோ மாற்றிவிட்டார்கள்.

இன்றைக்கும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரை எடுத்தால், அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். ஒன்றும் கேட்கமாட்டான். டம்ளரையே பார்ப்பான். அவன் பிழைத்த கதையை யாருக்காவது சொல்லும்போது மட்டும்தான் இருக்கமாட்டான். அதனால்தான் எல்லோருக்கும் சொன்னேன். உனக்கும் சொன்னேன்.

நாலு வருஷமே படி. உன் வார்டிலும் என்னைப் போல் ஒருவன் இருப்பான். எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசுவான். அவனிடம் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடாதே. ஏன் கூடாது என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல். அதற்கு முதலில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்காவைப் போனில் சமாளிக்க முடியாது. நேரில் வந்து, அவளிடமும் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

மாமா


ஜூன் 29

அன்பு மாமா,

நீங்கள் வந்து போன அன்றே அம்மா சாயங்காலம் தானே பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். நேற்று விண்ணப்பத்தைக் கல்லூரியில் கொடுத்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது.

உங்களைத் தேற்ற ஏதாவது எழுதலாம் என்று பார்த்தேன். பொய்யாகவே வந்தது, விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன். அத்தையிடம் சொல்லிவையுங்கள். எதிர் நாற்காலியை எடுக்க வேண்டாம். எனக்கு வேறொன்று போடுங்கள்.

உங்கள் மருமகள்